முகம் ஒரு பக்கம் கோணுவது ஏன்? முகத் தசைகளையும் அவற்றின் நரம்பையும் பற்றி ஓர் எளிய விளக்கம்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து, கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அப்படிப்பட்ட ஒருவருக்கு மதியத்துக்குள் குறைந்தது இரண்டு தீர்ப்புகள் கிடைத்துவிடும். "ஸ்ட்ரோக் வந்துவிட்டது" என்பது ஒன்று. "ராத்திரி முழுக்க ஏசிக் காற்று முகத்தில் அடித்திருக்கிறது, எண்ணெய் தடவி உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்பது இன்னொன்று. முதல் தீர்ப்பு, பெரும்பாலும் குணமாகிவிடும் நோய் வந்தவரைத் தேவையில்லாமல் கலங்கடிக்கிறது. இரண்டாவது தீர்ப்போ, உண்மையிலேயே பக்கவாதம் வந்தவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் மணிக்கணக்கில் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது. உயிருக்கும் கைகாலுக்கும் ஆபத்தானது இந்த இரண்டாவது தவறுதான் என்பதால், முகம் எப்படி அசைகிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவது அவசியம் என்று கருதுகிறேன்.

முகம் கோணுவது பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். தசையில் கோளாறு இருந்தாலும், தசைக்கு வரும் நரம்பில் கோளாறு இருந்தாலும், ஆணையிடும் மூளையில் கோளாறு இருந்தாலும் வெளியே தெரிவது ஏறத்தாழ ஒரே காட்சிதான். எந்த இடத்தில் கோளாறு என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தோலை இழுக்கும் தசைகள்

கை, கால்களில் உள்ள தசைகள் ஓர் எலும்பில் தொடங்கி இன்னோர் எலும்பில் முடிகின்றன. அவை சுருங்கும்போது மூட்டு மடங்குகிறது. முகத்தின் பாவத் தசைகள் அப்படியானவை அல்ல. அவற்றுள் பெரும்பாலானவை மண்டையோட்டு எலும்பில் தொடங்கித் தோலில் முடிகின்றன. ஆகவே அவை சுருங்கும்போது தோலே இழுபடுகிறது. புருவம் உயர்கிறது, கன்னம் ஏறுகிறது, உதட்டின் ஓரம் மேலே போகிறது. இப்படிப்பட்ட தசைகள் முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 20 இருக்கின்றன.

அவற்றுள் சிலவற்றை மட்டும் அறிந்துகொண்டால் போதும். நெற்றித் தசை புருவத்தை உயர்த்தி, நெற்றியில் குறுக்குக் கோடுகளை உண்டாக்குகிறது. கண்ணைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும் தசை இமையை மூடுகிறது. கன்ன எலும்பிலிருந்து வாயோரம் வரை சாய்வாக ஓடும் தசை புன்னகையின்போது உதட்டோரத்தை மேலே தூக்குகிறது. வாயைச் சுற்றியுள்ள வட்டத் தசை உதடுகளைக் குவிக்கவும் மூடவும் உதவுகிறது. கன்னத்தின் உட்சுவராக அமைந்த தசை, நாதஸ்வரக் கலைஞர் ஊதும்போது கன்னத்தில் நிறையும் காற்றை அழுத்தி வெளியேற்றுகிறது. நாம் சாப்பிடும்போது சோற்றைக் கன்னத்தில் தங்கவிடாமல் பற்களுக்கு இடையே தள்ளுவதும் அதுதான். முகவாதம் (முகத் தசைகளின் நரம்பு திடீரெனச் செயலிழக்கும் நோய்) வந்தவர் ஒரு பக்கக் கன்னத்தில் சோறு தேங்குகிறது என்று சொல்வதற்குக் காரணம் இந்தத் தசை தளர்ந்துபோவதே.

சிரிப்பதற்கு இத்தனை தசைகள், முறைப்பதற்கு அதைவிட அதிகத் தசைகள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் கணக்குக்கு உறுதியான அடிப்படை கிடையாது. சிரிப்பிலேயே பல வகைகள் உண்டு. போதாக்குறைக்கு, உதட்டோரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் ஒரு சிறு தசை சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை.

ஒரே நரம்பு, பல பொறுப்புகள்

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள் 12 இணைகள். அவற்றுள் ஏழாவது இணைக்கு முக நரம்பு என்று பெயர். வலப்பக்க முகத் தசைகளுக்கு ஒன்று, இடப்பக்கத் தசைகளுக்கு ஒன்று. இந்த நரம்பு மூளைத் தண்டில், அதாவது மூளையையும் முதுகுத் தண்டையும் இணைக்கும் பகுதியில் தொடங்கி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வளைந்த குழாய் வழியாகச் செல்கிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. காது மடலுக்குக் கீழே வெளிவந்து, உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றின் ஊடாகப் போய், நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து எனப் பொதுவாக ஐந்து கிளைகளாகப் பிரிகிறது.

தசைகளை அசைப்பதோடு இந்த நரம்பின் வேலை முடிந்துவிடுவதில்லை. நாக்கின் முன்பகுதி மூன்றில் இரண்டு பங்கிலிருந்து சுவையை மூளைக்குக் கொண்டுபோவதும், கண்ணீரும் உமிழ்நீரும் சுரக்கத் தூண்டுவதும், பெரிய ஓசை கேட்கும்போது காதுக்குள் இருக்கும் ஒரு நுண்ணிய தசையை இறுக்கி ஓசையைத் தணிப்பதும் இதன் கிளைகளே. வாய் கோணியவர் "காபி ருசியே தெரியவில்லை, அந்தப் பக்கக் காதில் குக்கர் விசில்கூட இடிமாதிரி கேட்கிறது" என்று சொன்னால் அதை மனப்பிரமை என்று ஒதுக்கக் கூடாது. கோளாறு எலும்புக் குழாய்க்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதை மருத்துவருக்கு உணர்த்தும் பயனுள்ள செய்தி அது.

முகத்தில் தொட்டால் தெரியும் உணர்ச்சியும், மெல்லும் தசைகளின் அசைவும் வேறொரு நரம்பின் பொறுப்பு. அது ஐந்தாவது இணை. மேல் இமையைத் திறப்பது மூன்றாவது இணை. எனவே முக நரம்பு செயலிழந்தவருக்குத் தொடு உணர்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவரால் மெல்லவும் முடியும். கண்ணைத் திறப்பதில் அவருக்குச் சிரமம் இராது, மூடத்தான் முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முகபாவத் தசைகள் தோலை இழுக்கின்றன, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு முக நரம்பு ஆணையைக் கொண்டுவருகிறது, அந்த நரம்பு எலும்புக்குள் மிக நெருக்கமான பாதையில் செல்கிறது.

கோளாறு எங்கே? நெற்றி சொல்லும் பதில்

சென்னையில் மும்முனை மின் இணைப்பு உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விளக்கு எரியவில்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். பல்பு போயிருக்கலாம், தெருவிலுள்ள பில்லர் பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள் பழுதாகியிருக்கலாம், அல்லது கேபிள் நன்றாக இருந்தும் மின்சாரம் வரும் இடத்திலேயே ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். கேபிளே பழுதானால் வீடு முழுவதும் இருண்டுவிடும். ஒரு ஃபேஸ் மட்டும் போனால், வேறொரு ஃபேஸிலிருந்தும் மின்சாரம் எடுக்க வசதி செய்யப்பட்ட அறையில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இங்கே பல்பு என்பது தசை, கேபிள் என்பது முக நரம்பு, மின்சாரம் வரும் இடம் என்பது மூளை. இரண்டு ஃபேஸ் வசதி கொண்ட அந்த அறைதான் நெற்றி. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் இயக்குகின்றன என்பது பொது விதி. முகத்தின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் அந்த விதிக்கே கட்டுப்படுகிறது. நெற்றிக்கு மட்டும் மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை வருகிறது. ஆகவே மூளையின் ஒரு பாதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால், எதிர்ப்பக்க வாயோரம் தொங்கும். ஆனால் நெற்றியைச் சுருக்கும் திறன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முக நரம்பே பழுதானால் அந்தப் பக்கம் முழுவதும், நெற்றி உட்பட, செயலிழந்துவிடும்: புருவம் உயராது, கண் மூடாது, வாய் கோணும்.

மருத்துவர் முதலில் "மேலே பாருங்கள், நெற்றியைச் சுருக்குங்கள்" என்று கேட்பது இதனால்தான். ஸ்கேன் கருவிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நரம்பியல் மருத்துவர்கள் கையாண்டுவரும் இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை.

இருந்தாலும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நெற்றிச் சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டு, "நெற்றியும் அசையவில்லை, ஆகவே இது பக்கவாதம் இல்லை" என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடக் கூடாது. மூளைத் தண்டில், முக நரம்பு தொடங்கும் இடத்திலேயே பக்கவாதம் ஏற்பட்டால் நெற்றியும் சேர்ந்தே செயலிழக்கும். திடீரென முகம் கோணியவருக்குக் கை அல்லது கால் தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், நடை தள்ளாடினாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துச் சொன்னால், மருத்துவர்களுக்கு அது பெரும் உதவி. விழுங்கும் திறனும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், வழியில் காபியோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. மேற்சொன்ன எதுவும் இல்லாமல் முகம் மட்டும் கோணியிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

முகவாதம் என்பது என்ன?

முக நரம்பு திடீரென்று செயலிழந்து, அதற்கு வேறு காரணம் எதுவும் கண்டறியப்படாத நிலைக்கு முகவாதம் என்று பெயர். மருத்துவர்கள் இதை பெல்ஸ் பால்சி என்பார்கள். முக நரம்பைப் பற்றி 1821-இல் எழுதிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது. ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு இது வருகிறது. எந்த வயதிலும் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களுக்கும் வாய்ப்பு சற்று அதிகம்.

எலும்புக் குழாய்க்குள் நரம்பு வீங்குகிறது, குழாய் விரியாது, எனவே நரம்பு நெரிபட்டு ஆணைகளைக் கடத்த முடியாமல் போகிறது. வீக்கத்தைத் தொடங்கிவைப்பது எது என்பதில், உடலுக்குள் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வகை வைரஸ் மீண்டும் தலைதூக்குவதே என்ற கருத்து வலுவாக இருக்கிறது. ஆனால் எல்லா நோயாளிகளிலும் அது நிறுவப்பட்டுவிடவில்லை. பேருந்தின் ஜன்னலோரக் காற்றும் ஏசியின் குளிரும் காரணம் என்று நம்மூரில் ஏறத்தாழ எல்லோரும் நம்புகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. மின்சார ரயிலின் வாசலருகே தினமும் காற்று வாங்கிக்கொண்டு போகும் ஆயிரக்கணக்கானவர்களின் முகம் நன்றாகத்தான் இருக்கிறது.

முகவாதம் வேகமாக வரும். 3 நாட்களுக்குள் அதன் உச்சத்தை எட்டிவிடும். அப்படியில்லாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல முகம் தளர்ந்தாலோ, இரு பக்கமும் தளர்ந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, மருத்துவர் கட்டி முதலிய வேறு காரணங்களைத் தேடுவார். காதிலோ காது மடலிலோ கொப்புளங்களும் கடும் வலியும் இருந்தால், அது அக்கி வைரஸ் முக நரம்பைத் தாக்கிய நிலையாக இருக்கலாம். அதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து விரைவாகத் தேவை.

நற்செய்தி என்னவென்றால், மருந்தே இல்லாவிட்டாலும் முகவாதம் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை அந்த வாய்ப்பை மேலும் உயர்த்துகிறது. ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியவர்களில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒன்பது மாதங்களில் முழுமையாகத் தேறினார்கள். அது கொடுக்கப்படாதவர்களில் அந்த அளவு ஏறத்தாழ 82 சதவீதம். "பத்து நாள் எண்ணெய் தடவிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் டாக்டரிடம் போவோம்" என்று காத்திருப்பவர் இழப்பது இந்த 72 மணி நேரத்தைத்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், இந்த மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

மறந்துபோகும் கண்

முகவாதத்தில் எல்லோரும் வாயைத்தான் பார்க்கிறார்கள். நிலையான சேதம் நேரக்கூடிய உறுப்போ கண். இமை மூடாமல் இருந்தால் கருவிழி காய்ந்து, தூசி பட்டு, புண்ணாகிப் பார்வையே குறையலாம். சென்னைத் தெருக்களில் இரு சக்கர வாகனத்தில் போகிறவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பகலில் மருத்துவர் சொல்லும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, வெளியே போகும்போது கண்ணாடி, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி மெல்லிய பிளாஸ்டர் ஒட்டுதல் ஆகியவை இதற்குப் போதும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது.

இன்னொரு பிழையும் பரவலாக இருக்கிறது. "முகம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது" என்று சொல்லி வலப்பக்கத்தைப் பிடித்து நீவுகிறார்கள். வலப்பக்கத் தசைகள் நலமாக இருப்பதால்தான் எதிர்ப்பின்றி வாயைத் தம் பக்கம் இழுக்கின்றன. செயலிழந்திருப்பது கோடுகள் மறைந்து, வழவழப்பாகத் தெரியும் இடப்பக்கம்.

சுருக்கமாக: முகவாதம் நரம்பின் நோய், பெரும்பாலும் குணமாகும், முதல் 3 நாட்கள் மருந்துக்கு முக்கியம், கண்ணைக் காப்பது எல்லா நாட்களிலும் முக்கியம்.

துடிப்பும் இழுப்பும்

கண் துடித்தால் சகுனம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இமையில் ஓரிரு தசை நார்கள் தாமாகத் துடிப்பது தூக்கக் குறைவு, அதிகக் காபி, ஓயாமல் திரையைப் பார்ப்பது முதலியவற்றால் வருவது. சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கண்ணருகே தொடங்கி, மாதக்கணக்கில் கன்னத்துக்கும் வாய்க்கும் பரவி, முகத்தின் ஒரு பாதியையே வெட்டி வெட்டி இழுக்கும் நோய் வேறு. அதை ஒருபக்க முக இழுப்பு என்று சொல்லலாம். பெரும்பாலும் மூளைத் தண்டருகே ஓர் இரத்தக் குழாய் முக நரம்பின்மேல் உரசுவதால் அது வருகிறது, தூக்கத்திலும் நிற்பதில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி அதைக் கட்டுப்படுத்துகிறது. நரம்புக்கும் குழாய்க்கும் நடுவே சிறு பஞ்சு போன்ற தடுப்பை வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

வரவழைக்கும் சிரிப்பும் தானாக வரும் சிரிப்பும்

போட்டோ எடுக்கும்போது "சிரியுங்கள்" என்றதும் சிரிப்பதும், பேரக்குழந்தையைக் கண்டதும் முகம் மலர்வதும் ஒரே தசைகளால்தான் நிகழ்கின்றன. ஆனால் ஆணை புறப்படும் இடங்கள் வேறு. விருப்பப்படி செய்யும் அசைவுகளுக்கு மூளையின் மேற்பரப்பிலிருந்து ஒரு பாதை. உணர்ச்சியால் எழும் அசைவுகளுக்கு மூளையின் ஆழமான பகுதிகள் பங்கேற்கும் இன்னொரு பாதை. பக்கவாதம் வந்த சிலருக்குப் பல்லைக் காட்டச் சொன்னால் வாய் கோணும். உண்மையான சிரிப்பு வரும்போது இரு பக்கமும் ஒத்து அசையும். வேறு சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். முகபாவத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்தபோது (அந்த ஆய்வு 1862-இல் நூலாக வெளிவந்தது), உள்ளம் மகிழ்ந்த சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்து சுருங்குவதைக் கவனித்தார். அதை விரும்பி வரவழைக்க முடியாது என்று அவர் எண்ணினார். பலரால் அது முடியும் என்று பின்னர் தெரிந்தது. மார்கழி சபாக்களில் அபிநயம் பிடிக்கும் பரதநாட்டியக் கலைஞர்கள் இதற்குக் கண்கூடான சான்று. கண்ணோரச் சுருக்கத்தை வைத்து ஒருவர் பொய்யாகச் சிரிக்கிறார் என்று தீர்ப்பளிப்பது சரியன்று.

மூளையைப் பாதிக்கும் பார்கின்சன் நோயில் முகத்தின் தசையும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன. தானாக எழும் அசைவுகள் குறைவதால் முகம் பாவமற்றுப்போகிறது, இமைப்பதும் குறைகிறது. "அப்பா முன்போல் எங்களிடம் பிரியமாக இல்லை, எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்" என்று வருந்தும் பிள்ளைகள், அவருடைய உள்ளத்தில் பிரியம் குறையவில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நரம்பு மீண்டும் வளரும்போது

நரம்பு வெறுமனே நெரிபட்டிருந்தால், பெரும்பாலும் 3 வாரங்களுக்குள் அசைவு திரும்பத் தொடங்கிவிடும். அதன் உள் இழைகள் அழிந்திருந்தால், அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மறுபடியும் வளர வேண்டும், மாதக்கணக்காகும். அப்படி வளரும்போது சில இழைகள் வழி தவறி, வாய்க்குப் போக வேண்டியவை கண்ணுக்குப் போய்விடுகின்றன. பிறகு அவர் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். கண்ணை மூடினால் வாயோரம் இழுபடும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குரிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பியை அடைந்தால், சாப்பிடும்போது கண்ணில் நீர் வழியும். இந்தப் பிழை அசைவைக் கூட்டசைவு என்று சொல்லலாம்.

முகத்துக்குப் பலம் வரட்டும் என்று பலூன் ஊதுவதும், சூயிங்கம் மெல்வதும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைகள். மெல்லுவது ஐந்தாவது நரம்பின் வேலை என்பதால் சூயிங்கத்தால் முகவாதத்துக்குப் பயனில்லை. வலிந்து செய்யும் பெரிய அசைவுகள் கூட்டசைவை வளர்த்துவிடலாம் என்று பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கண்ணாடி முன் அமர்ந்து, சிறிய அசைவுகளை மெதுவாக, இரு பக்கமும் ஒத்து வரும்படி செய்து பழகுவதே அவர்கள் கற்பிப்பது. கூட்டசைவு நிலைத்துவிட்டால் போட்டாக்ஸ் ஊசி அதைத் தளர்த்தும்.

மூன்று மாதங்களாகியும் முகத்தில் அசைவே திரும்பாதவர், "இனி இவ்வளவுதான்" என்று எண்ணி வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை. கண் மூட உதவும் வகையில் மேல் இமைக்குள் சிறு தங்க எடையை வைக்கலாம். நெடுநாள் செயலிழந்த முகத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிய தசைத் துண்டு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் பொருத்தி, மெல்லும் தசைக்குரிய நரம்போடு இணைக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அந்தத் தசை உயிர்பெற்ற பிறகு, பல்லைக் கடித்தால் உதட்டோரம் மேலே போகும். முதல் மாதங்களில் கடித்துக் கடித்துத்தான் சிரிக்க வேண்டும்; விடாமல் பயிற்சி செய்தவர்களில் சிலருக்கு, நாளடைவில் கடிக்காமலே சிரிப்பு வரத் தொடங்குகிறது.